அக்கா கண் திறந்த படம்

எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது. பெற்று வளர்த்தது நான்கு. கொழுந்தன் மகன் ஒருவனுக்கும் என் கையால் சோறு போட்டு ஆளாக்கினேன். அவனையும் சேர்த்தால் ஐந்து. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி எழுதுகிறாள்.

என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லோரும் படத்துக்கு வரிசையாக நின்றார்கள். போனைக் கையில் வாங்கப் போனேன். "நீங்க நகருங்க ஆச்சி, ஒங்களுக்கு எடுக்கத் தெரியாது" என்று ஒரு சின்னப் பெண் என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். பிறகு அவள் எடுத்த படத்தைக் காட்டினாள். வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு முன்னால் அத்தனை பேரையும் நிறுத்தி, முகமெல்லாம் அடிப்பிடித்த தோசை மாதிரி எடுத்து வைத்திருந்தாள். யார் மாசமாக இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தியை நோட்டோடு உட்கார வைத்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எழுபதுகளில் நாலைந்து வருடம் கழிந்திருந்த காலம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு கரண்ட் தறி ஓடியது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறிதான். விடிந்ததில் இருந்து விளக்கு வைத்த பிறகும் ஓயாத சத்தம். அதனால் எங்கள் தெருவில் பிறந்தவர்கள் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. வெளியூரில் போய்ப் பேசினால் சண்டை போடுகிறோம் என்று நினைப்பார்கள்.

என் வேலை தார் சுற்றுவது. நூலைச் சின்னச் சின்னக் குழலில் ராட்டையில் சுற்ற வேண்டும். அந்தக் குழல்தான் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் போகும். எனக்கு எட்டு வயதாகும்போது அம்மாவுக்கு மூட்டுவலி வந்தது, தார் சுற்ற ஆள் வேண்டும் என்றார்கள். அக்கா அப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தாள். "அவ இவ்வளவு தூரம் படிச்சிட்டா, இனி நிப்பாட்டுனா வீணாப் போகும். சின்னவ இப்பத்தான மூணாங்கிளாசு" என்று அப்பா கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் நான் ராட்டைக்குப் போனேன். இதை இப்போது சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதுவல்ல கதை.

அப்பாவுக்கு அவ்வப்போது ஓர் ஆசை வரும். ஒரு வருடம் புறா வளர்த்தார். ஒரு வருடம் ஆர்மோனியப் பெட்டி வாங்கி, வாசித்து, அடுத்த வீட்டுக்காரர்களை எல்லாம் விரோதித்துக்கொண்டார். அந்த வருடம் மதுரைப் பொருட்காட்சிக்குப் போனவர் ஒரு கேமராவோடு வந்து இறங்கினார். கறுப்பாக, சதுரமாக, மூடி போட்ட தகர டப்பா மாதிரி இருக்கும். வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அதில் வலது இடமாகவும் இடது வலமாகவும் தெரியும். பக்கத்தில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான் படம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு.

முதல் ரோலை அப்பாவே எடுத்தார். எங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, அதட்டி, மூச்சுப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் ரத வீதியில் நாலு பேர் கேட்க, "மொதலாளி, தலயெல்லாம் எங்கன வச்சிட்டு வந்தீங்க? பன்னெண்டும் முண்டமால்லா இருக்கு" என்றார். அன்றோடு அப்பாவின் ஆசை அடங்கியது. கேமரா பரணில் ஏறியது.

அதை மறுபடி இறக்கியது அக்காவின் கண்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்த கையோடு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். திருவேங்கடம் ஊரில் ஓர் இடம். கரிசல் காடு நிறைய, ஒரே பையன். முதலில் படத்தைக் காட்டுங்கள் என்றார்கள். அக்காவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். படம் வந்தது, அக்கா கண்ணை மூடியிருந்தாள். மறுபடி போனார்கள். மூடியிருந்தாள். மூன்றாவது முறையும் அப்படியே. அவற்றில் கொஞ்சம் நன்றாக இருந்த ஒன்றை, தரகு பார்க்கும் பெரியம்மா கொண்டுபோய்க் காட்டிவிட்டு, திரும்பி வந்து அம்மாவிடம் உட்கார்ந்தாள்.

"மாப்பிள வீட்ல கேக்காக, பொண்ணுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"தெரியாமலா பதினொண்ணாங் கிளாசு பரீச்ச எழுதுனா?" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியும் தங்கச்சி. படத்துக்குத் தெரியலயே."

ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்கு, "எங்கிட்ட குத்தமில்ல. இந்த ஊர்ல எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன். அந்தப் பிள்ள கண்ணுலதான் என்னமோ கோளாறு இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அக்காவைக் கேட்டால், "நான் என்ன செய்ய, அந்த வெளக்கு கண்ணக் கூசுது" என்பாள். அம்மா கோமதி அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துத் தினமும் சாயங்காலம் அக்கா இமையில் தடவினாள். அக்கா மண் பூசிய கண்ணோடு சுவரில் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எந்த வேலையும் சொல்ல மாட்டார்கள். அவள் பங்குப் பாத்திரத்தையும் நான்தான் தேய்த்தேன்.

ஒரு நாள் அப்பா பரணில் இருந்து கேமராவை இறக்கினார். "ஸ்டுடியோ வெளக்குதான் ஆகலன்னா வீட்ல வச்சு எடுப்போம். ஏட்டி சின்னவளே, நீ சும்மாதான இருக்க. இந்தா, பழகு" என்றார். அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் என் வலது கையில் ராட்டைக் கைப்பிடி, இடது கையில் நூல். சும்மா இருக்கிறேனாம்.

"பிலிம் இல்லாம பழகு. கை வந்தப்புறம் பிலிம். மொத்தம் நாலு ரோலு வாங்கித் தருவேன். அதுக்குள்ள ஒரு படம் தேறணும். இல்லன்னா இது திரும்பப் பரண்ல ஏறிரும்."

அப்பாவுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் கையில் ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்து 'பழகு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதை யார் பிடுங்கினாலும் கொடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

தலை ஏன் வெட்டுப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஸ்டுடியோக்காரர் சொல்லித்தரமாட்டார், அப்பாவுக்குத் தெரியாது. காலியான கேமராதானே என்று பின்பக்க மூடியைத் திறந்தேன். முன்னால் கண் மாதிரி இருக்கும் துளையை மூடாமல் நிறுத்தி வைக்கவும் ஒரு தகடு உண்டு, அதை இழுத்துவிட்டேன். பிலிம் இருக்க வேண்டிய இடத்தில், பக்கடா கட்டிவந்த எண்ணெய்த் தாளை நறுக்கி ஒட்டினேன். அம்மாவின் பழைய சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தால், தாளில் முற்றம் தலைகீழாகத் தொங்குகிறது. கொடியில் காயும் வேட்டி மேலே பார்த்து ஆடுகிறது. அக்கா தலைகீழாக நடந்து போகிறாள். நான் கத்தாமல் இருந்ததே பெரிது.

கட்டைச் சுவர் மேல் ஒரு குடத்தை வைத்தேன். மேல் கண்ணாடியில் குடம் முழுசாகத் தெரிந்தது. அதே இடத்தில் அசையாமல் தாளில் பார்த்தால் குடத்துக்கு வாய் இல்லை. நாம் பார்க்கிற ஓட்டை வேறு, கேமரா பார்க்கிற ஓட்டை வேறு. அப்பா கண்ணாடியை நம்பினார், தலை போயிற்று. நான் பத்து நாள் குடத்தை வைத்து, சொம்பை வைத்து, கோழியைத் துரத்திப் பிடித்து வைத்து, கண்ணாடியில் எவ்வளவு இடம் விட்டால் தாளில் தலை தப்பிக்கும் என்று பார்த்தேன். பிறகு கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டேன். தலை அந்தக் கீறலுக்குக் கீழே நிற்க வேண்டும். அந்தக் கீறலைப் பார்த்துவிட்டு அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். புதுச் சாமானைக் கெடுத்துவிட்டேனாம்.

முதல் ரோல் போட்டேன். கை ஆடக்கூடாது என்று ஸ்டூல் மேல் கேமராவை வைத்து, முற்றத்தில் அக்காவை உட்கார வைத்து, பன்னிரண்டும் எடுத்தேன். பன்னிரண்டிலும் தலை இருந்தது. ஆனால் முகம் மொத்தமும் கலங்கி, கஞ்சித் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி இருந்தது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை.

"என்னட்டி, மார்கழிப் பனிக்குள்ள நிறுத்தி எடுத்தியா?" என்றார் ஸ்டுடியோக்காரர். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். வேறு யார்மேல் பழி போட? ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல், தண்ணீர் அசையாமல் கட்டைவிரலை மட்டும் அழுத்திப் பழகினேன். காலையில் ஐம்பது தடவை, தார் வேலை முடிந்து ஐம்பது தடவை. பாவாடை எப்போதும் ஈரம். "பேய் கீய் பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? செம்பக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்க" என்று அம்மா திட்டுவாள். நடுவில் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. ஊரெல்லாம் சனம், எங்கள் வீட்டில் பத்து நாள் விருந்தாட்கள். முற்றத்தில் பாய், அடுப்படியில் பாய், எனக்கு நிற்க இடமில்லை. சாமி பார்க்க வந்தவர்கள் என் சொம்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் கிணற்றடியில் போய் நின்று பழகினேன்.

தபசு முடிந்ததும் இரண்டாவது ரோல். மறுபடி ஸ்டூலில் வைத்துத்தான் எடுத்தேன். மறுபடி கஞ்சித் தண்ணீர். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் காலை கோபத்தில் சொம்பை அந்த ஸ்டூல் மேல் 'டக்' என்று வைத்துவிட்டுத் தார் சுற்ற உட்கார்ந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை. யாரும் தொடவில்லை. வளையம் நிற்கவே இல்லை. எழுந்துபோய் ஸ்டூலில் கையை வைத்தேன். நடுங்கியது. சுவரில் வைத்தேன். நடுங்கியது. தரையில் காதை வைத்தேன். வீடே நடுங்கிக்கொண்டிருந்தது. தறி. பிறந்ததில் இருந்து அதன் மேல்தான் படுத்து எழுந்திருக்கிறோம், எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது. வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தால் வாசலில் கால் வைத்ததுமே சொல்லியிருப்பான். ஆடாமல் இருக்க வேண்டும் என்று நான் தேடிப்பிடித்து வைத்த இடம்தான் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு ரோல் போயிற்று.

எங்கள் தறியை நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுத் தறி ஓடும். அதனால் ஸ்டூலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தேன். தரை நடுங்கினாலும் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றால் வயிறு வரைக்கும் அது ஏறாது. அதைச் சொம்புதான் காட்டிக் கொடுத்தது. ஒன்றரை மாதம் பாவாடை நனைந்தது அதற்காவது ஆயிற்று.

வெளிச்சத்தையும் ஒரு வழி பண்ணினேன். வெயிலுக்கு நேராக உட்கார்ந்தால் முகம் சுளிக்கும், நிழலில் உட்கார்ந்தால் படம் இருட்டும். தறியில் அறுத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டு எடுத்து, வெயில் படுகிற கொடியில் விரித்துப் போட்டேன். அக்காவை அதற்கு எதிரே நிழலில் உட்கார வைத்தேன். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்தில் பால் ஊற்றின மாதிரி விழுந்தது. ஒரே நாளில் கண்டுபிடித்ததல்ல. துணியை முன்னே, பின்னே, கிழக்கே, மேற்கே என்று எத்தனை நாள் மாற்றிப் போட்டேன் என்று கொடிக்கம்பத்தைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது ரோல். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அக்காவின் காதுத் தோட்டில் கல் தெரிந்தது. நெற்றியில் பறந்த மயிர் தெரிந்தது. பன்னிரண்டிலும் கண் மூடியிருந்தது. மூடிய இமையில் மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு சுத்தமான படம்.

"ஏட்டி, படம் நல்லா வந்திருக்கு. ஆனா இந்தப் பிள்ள என்ன, பொறந்ததில இருந்தே தூங்குதா?" என்றார் ஸ்டுடியோக்காரர். தன் கேமராவில் குற்றமில்லை என்று ஆனதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பன்னிரண்டில் பன்னிரண்டு எப்படி மூடும்? எண்ணெய்த் தாளில் பார்த்த கோழிகூட ஒன்றிரண்டு தடவை கண் திறந்திருந்தது. மறுபடி காலிக் கேமராவை எடுத்துக்கொண்டு அக்காவை நாள் முழுக்கப் பார்த்தேன். பூக் கட்டும்போது, அரிசி புடைக்கும்போது எல்லாம் நம்மைப் போலத்தான் இமைக்கிறாள். புத்தகம் வாசித்தால் இமைப்பதே இல்லை. என் கட்டைவிரல் அந்தத் தகட்டுக்குப் போனால் மட்டும் கண் மூடுகிறது. சத்தத்துக்குப் பின்னால் இல்லை, முன்னால். என்னை அவள் பார்க்கவே இல்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூசுவதால் மூடவில்லை, விரலைப் பார்த்து மூடுகிறாள். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. என்னை ஜெயிக்கப் பார்க்கிறாள் என்று மட்டும் தோன்றியது. ரோஷம் வந்துவிட்டது.

தார் நூலை நாலு புரியாக முறுக்கி, ஒரு நுனியைத் தகட்டில் கட்டினேன். மறுநுனியைப் பாவாடைக்குள் விட்டு வலது கால் பெருவிரலில் கட்டினேன். விரலை மெல்ல மடக்கினால் தகடு கீழே இறங்கும். சொல்ல எளிது. முதலில் கேமராவே ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. பிறகு நூல் அறுந்தது. பிறகு பெருவிரலில் ரத்தம் கட்டியது. செருப்புப் போட முடியாமல் நொண்டினேன், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள், என்ன காயம் என்று கேட்டதற்குக் கல் தடுக்கியது என்றேன். கைக்குப் பழக்கியதை எல்லாம் காலுக்கு முதலில் இருந்து பழக்க வேண்டியிருந்தது. இருபது நாள். கடைசியில் சொம்புத் தண்ணீர் அசையாமல் விரலை மடக்க வந்தது.

"இதுதான் கடசி ரோலு" என்றார் அப்பா. "திருவேங்கடத்துக்காரங்க ஐப்பசிக்குள்ள முடிக்கணும்னு நிக்காங்க."

ஆறு படம் வழக்கம்போலக் கட்டைவிரலால் எடுத்தேன், அவள் நம்பட்டும் என்று. ஏழாவதுக்கு விரலைத் தகட்டின் மேல் சும்மா வைத்துக்கொண்டு, "இரு, கண்ணாடியில தூசி" என்றேன். அக்கா விரலைப் பார்த்தபடி காத்திருந்தாள். நான் பெருவிரலை மடக்கினேன். 'டிக்'.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. என் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் இருந்ததால் ஒன்றும் பேசவில்லை. மீதி ஐந்துக்கும் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் கிணற்றடியில் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்த ஏழாம் நம்பர் படம் அப்பா கைக்குப் போகக்கூடாது."

"ஏன் போகக்கூடாது? வேணும்னே மூடுத, என்ன?"

"ஆமா."

"நாலு மாசமா?"

"டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போடப் போறேன்டி. பெரிய டீச்சர் அப்ளிகேசன் பாரம் வாங்கி வச்சிருக்காங்க. மார்க்கு இருக்கு, கட்டாயம் கெடைக்கும்னு சொல்லுதாங்க. அது வர்ற வரைக்கும் தள்ளணும். படம் நல்லாருந்தா ஐப்பசியில திருவேங்கடத்துல எரும மாட்டுக்குப் புல்லுப் பிடுங்கிக்கிட்டு நிப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? என் கால் வெரலப் பாரு."

"சொன்னா நீ அம்மாட்ட சொல்லிருவ."

சொல்லியிருப்பேன்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

"பாரத்துல ஒட்டவும் ஒரு படம் வேணும்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கண்ணு தெறந்த படம். ஸ்டுடியோல போயி எடுத்தா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். அந்த ஏழாம் நம்பரத்தான் எனக்குத் தரணும்."

"நான் மூணாங்கிளாசோட தார் சுத்துதேன். நீ டீச்சராப் போறதுக்கு நான் படம் தரணுமாக்கும்" என்றேன். கையை உதறிவிட்டுப் போய்விட்டேன். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனேன். அப்பாவிடம் காட்டுவது என்ற முடிவோடுதான் போனேன். தலை வெட்டின அப்பா, கண்ணைத் திறக்க வைக்க முடியாத ஸ்டுடியோக்காரர், திட்டின அம்மா, சிரித்த விருந்தாட்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு படம் பதில்.

ஸ்டுடியோக்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். முதலில் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

"வெளிச்சம் எங்கன இருந்துட்டி வருது?"

"துணியில இருந்து."

"என்ன துணி?"

"தறித் துணி. எதுத்தாப்புல கட்டுனேன்."

அவர் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், உள்ளே கொண்டுவந்து பார்த்தார். "இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான்.

படத்தை நானும் பார்த்தேன். அக்கா கண் அகலத் திறந்திருந்தது. அழகாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் அன்றைக்கே பூ வைக்க வந்திருப்பார்கள். ஆனால் நாலு மாதம் அவள் முகத்தையே பார்த்திருந்த எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. கை ஓங்குகிறவனின் கையை அடி விழுமுன் ஒரு பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை. என் விரலை அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். அதைப் படம் பிடித்ததும் நான்தான், வேறு யார் கண்ணுக்கும் படாத அதைப் பார்த்ததும் நான்தான். தெரியாமல் இருந்திருந்தால் நேராக அப்பாவிடம் கொண்டுபோயிருப்பேன்.

"அண்ணாச்சி, இத மட்டும் அப்பாட்ட காட்ட வேண்டாம். சின்னதா நாலு காப்பி போட்டு எங்கிட்ட குடுங்க. அப்பா கேட்டா, ஏழாவதுல வெளிச்சம் பட்டுப் போச்சுன்னு சொல்லுங்க."

"கூறு இருக்காட்டி ஒனக்கு? இத எடுத்துட்டு ஒளிச்சு வைக்கச் சொல்லுத?"

"காட்டுங்க. ஸ்டுடியோக்காரரு மூணு தடவ எடுத்து முடியாதத, தார் சுத்துத பிள்ள ஓட்டக் கேமராவுல எடுத்துட்டான்னு ஊரு சொல்லும். எனக்கென்ன."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒரு பிலிமை மட்டும் தனியாக வெட்டினார். அவர் வாயால் அந்த விஷயம் வெளியே போகவே இல்லை. அவர் மரியாதை என் படத்தை விட அவருக்குப் பெரிது, அதை நம்பித்தான் சொன்னேன்.

அப்பா பதினொரு படத்தையும் சீட்டுக் கட்டு மாதிரித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் மூடிய கண். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். "இவளுக்குக் கை வராது. பொட்டப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கன வரும்" என்று அம்மாவிடம் சொன்னார். கேமராவைப் பரணில்கூட வைக்கவில்லை. கோவில்பட்டி மாமா கேட்டார் என்று அவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாமா அதில் என்ன எடுத்தாரோ, நான் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு தார் சுற்றினேன்.

அக்கா ஒரு படத்தைப் பாரத்தில் ஒட்டினாள். பெரிய டீச்சர் அத்தாட்சிக்காக அதன் மேலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டாராம், அக்கா கன்னத்தில் இருந்து பாரம் வரைக்கும். நான் பால் மாதிரி வெளிச்சம் விழவைத்த கன்னம். திருவேங்கடத்துக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண் எடுத்தார்கள். டிரெய்னிங்கில் இடம் கிடைத்த அட்டை வந்ததும் பெரிய டீச்சரே வீட்டுக்கு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "எப்ப அனுப்புதீங்க?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். ஒரு வாரத்தில், மகளை டீச்சராக்க வேண்டும் என்று தான் முன்பே நினைத்திருந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா பாளையங்கோட்டையில் படித்து, குருவிகுளம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் எனக்குப் பாவாடைத் துணி எடுத்து வந்தாள். பச்சையில் மஞ்சள் பூ. ஒரு ரோல் பிலிம் வாங்கி வந்திருக்கலாம். படித்தவள், அவளுக்கே அது தோன்றவில்லை. ஒரு முறை சிலேட்டோடு வந்து, "வாட்டி, எழுத்துச் சொல்லித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் ரோஷம்தான். மீதி மூன்று காப்பியும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன என்றாள். ஸ்டுடியோக்காரர் கடையை மூடியபோது பழைய பிலிம் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. ஆக, அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. அப்பா சொன்ன 'இவளுக்குக் கை வராது' மட்டும் ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. சித்தியிடம் கேமராவைக் கொடுக்காதீர்கள் என்று அக்காவின் மகனே சொல்கிறான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். போன வருடம் பொறுக்க மாட்டாமல், "சொல்லிரட்டுமா?" என்றேன். "இப்பப் போயி எதுக்குடி, அப்பா பேரு கெடும்" என்கிறாள், எழுபதை நெருங்குகிறவள். அப்பா பேர் கெடக்கூடாது, ஸ்டுடியோக்காரர் பேர் கெடக்கூடாது. என் பேர் எப்படி வேண்டுமானாலும் போகலாம்.

அதனால்தான் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நாலு ரோலில் நாற்பத்தெட்டுப் படம். நாற்பத்தேழு ஆகவில்லை. ஒன்று ஆயிற்று. அதை நான் எடுத்தேன், நானே ஒளித்தேன்.

"போதும் மக்கா, பேனாவ மூடு. இப்ப மொதல்ல இருந்து வாசி, கேக்கேன். ஒங்க பெரியாச்சி படிச்சா மனசு சங்கடப்படும்னு நீ என் கோவத்த எங்கனயாவது கொறச்சு எழுதியிருந்தியானா, அந்த எடம் வரும்போது சொல்லிரு. திருத்திருவோம்."